தோப்புக் கேட்டுக்குள் நுழையுமா? நம்ம ஊர்க் கரட்டுப் பாதைக்கு ஏற்ற கேம்பிங் டிரெய்லர் எது

கேம்பிங் டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போய் இரவு தங்கும் கூண்டு, வாங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் படுக்கையில் இருந்துதான் யோசனையை ஆரம்பிக்கிறார்கள். எத்தனை பேர் படுக்கலாம், அடுப்பு எங்கே வரும், ஃபிரிட்ஜ் எத்தனை லிட்டர் என்று. தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இருந்துகொண்டு வாங்குகிறவர்கள் அதையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது, தார்ச்சாலை முடிந்த பிறகு வரும் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர். அந்தப் பாதையில் போய், இருட்டினாலும் மழை பிடித்தாலும் திரும்பி வர முடிகிற டிரெய்லர் எதுவோ, அதற்குள்தான் படுக்கையும் அடுப்பும் அடங்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் இந்தப் பேச்சு எழுந்ததில் இருந்து நானும் ஓசூரில் இருக்கும் மச்சானும் வேறு வேறு பக்கம் நிற்கிறோம். அவர் சிப்காட்டில் வாகன உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், லடாக் வரைக்கும் போகும் ஆசை உள்ளவர். நான் தருமபுரிக்காரன், சனிக்கிழமை மதியம் கிளம்பி ஞாயிறு இரவு வீடு வந்து சேர வேண்டியவன். இருவருக்கும் ஒரே டிரெய்லர் சரிவராது என்பது பேசப் பேசத் தெளிவானது. அந்தப் பேச்சில் தேறியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கே நிறுத்தப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிடலாம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஒகேனக்கல் பக்கம் இவ்வளவு காடு இருக்கிறதே, அங்கே ஓர் ஓடைக்கரையில் போட்டுவிடலாமே என்று யாருக்கும் ஆசை வரும். அந்தக் காட்டில் பெரும்பகுதி 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்திலும், 2022-ல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயத்திலும் வருகிறது. மீதியில் பெரும்பாலானது காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே இரவு தங்குவது குற்றம். குற்றம் என்பதை விடுங்கள், அது யானைகளின் வழித்தடம். அக்டோபர் வாக்கில் பன்னேருகட்டா பக்கம் இருந்து கூட்டம் கூட்டமாக இறங்கி ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு வரைக்கும் வரும். ராகி அறுப்பு முடிந்தும் சில மாதம் சுற்றும். அந்தப் பருவத்தில் காட்டோரத்து ராகிக் கொல்லைப் பக்கம் எந்த வகை டிரெய்லரையும் நிறுத்தக் கூடாது. தகரச் சுவர் இருக்கிறது, துணிக் கூடாரம் இல்லை என்பதெல்லாம் யானைக்கு ஒரு கணக்கே இல்லை. மாம்பழம், வாழைப்பழம், வெல்லம், உப்பு வாசனை போதும், தேடிக்கொண்டு வந்துவிடும்.

ஆக நமக்குக் கிடைக்கிற இடம், காட்டை விட்டுத் தள்ளி இருக்கிற பட்டா நிலம். தெரிந்தவர் மாந்தோப்பு, தென்னந்தோப்பு, கிணற்று மேட்டுப் புளியமரத்தடி. இல்லாவிட்டால் முறையாக அனுமதி வாங்கி நடத்தும் தங்குமிடங்கள். இந்த இடங்களுக்குப் போகும் வழி டிராக்டருக்காகப் போட்டது. செம்மண், நடுவே தலைநீட்டும் பாறை, மழை அறுத்த பள்ளம், ஓர் ஓடை, அப்புறம் கேட்.

கேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ராயக்கோட்டைப் பக்கம் ஒரு தோப்புக்காரரிடம் இடம் கேட்டபோது அவர் முதலில் கேட்டதே அதைத்தான். "தம்பி, உன் வண்டி வந்துரும். பின்னாடி கட்டிட்டு வரேன்னியே, அது எத்தனை அடி அகலம்னு அளந்து பாத்துட்டுச் சொல்லு." "இன்னும் வாங்கலீங்கண்ணா, அதுக்குத்தான் கேட்டை அளக்க வந்தேன்" என்றேன். இரண்டு பக்கமும் கல்கால் நட்டு, நடுவில் இரும்புக் கேட். டேப் பிடித்துப் பார்த்ததில் ஏழு அடியும் கொஞ்சமும் இருந்தது. சிறிய டிரெய்லர்கள் சக்கரத்தோடு சேர்த்து ஆறு, ஆறரை அடி. பெரிய கேரவன் ஏழு முதல் எட்டு அடி. கணக்கு அங்கேயே முடிந்துவிடவில்லை. கேட்டைத் தாண்டியதும் பாதை இடப்பக்கம் திரும்புகிறது. திருப்பத்தில் டிரெய்லர் சக்கரம் வண்டியின் சக்கரத் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வண்டி அழகாகத் தாண்டிவிடும், டிரெய்லர் கல்காலில் உரசும். உள்ளே போனால் ஒட்டுமாங்கன்று மரங்கள். நாட்டு மா மாதிரி உயர்ந்து நிற்பவை இல்லை, தலைக்கு மேலேயே கிளை தாழ்ந்திருக்கும். ஒன்பது, பத்து அடி உயரக் கேரவன் அதற்குள் போகவே முடியாது. ஆறேழு அடி உயரத்தில் அடங்குகிற டிரெய்லர் போகும்.

இந்தக் கேட்டும் கிளையும் ஓடையும்தான் நம் பக்கத்துக்கு அளவுகோல். இனி ஒவ்வொரு வகையாகப் பார்க்கலாம்.

நான் முதலில் வைப்பது டியர்டிராப், ஸ்கொயர்டிராப் இரண்டையும். டியர்டிராப் அமெரிக்காவில் 1930-களில் வந்தது. முன்பக்கம் உருண்டு பின்பக்கம் சரியும் சின்னக் கூண்டு. உள்ளே இருவர் படுக்கும் மெத்தை, பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. ஸ்கொயர்டிராப் அதே ஏற்பாடு, பெட்டி வடிவத்தில். கூரை சரியாமல் நேராகப் போவதால் சமையல் பக்கம் கூடுதல் இடம். கரட்டுப் பாதைக்குச் செய்கிறவற்றில் பெரிய சக்கரமும், தரையில் இருந்து நல்ல உயரமும், பின்பக்கம் மேல்நோக்கி வெட்டிய அடிப்பாகமும் இருக்கும். காலி எடை பெரும்பாலும் 500 கிலோவில் இருந்து 900 கிலோவுக்குள்.

இதன் பெரிய பலம், போய்ச் சேர்ந்ததும் எதையும் விரிக்க வேண்டியதில்லை என்பது. கதவைத் திற, படு. ஐப்பசி மழையில் இரவு எட்டு மணிக்குத் தோப்புக்குப் போய்ச் சேருகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். காலையில் கிளம்புவதும் அப்படித்தான். இன்னொரு பலம், கையாலேயே திருப்பலாம். முட்டுச் சந்து மாதிரி முடிகிற வண்டித்தடத்தில் மாட்டிக்கொண்டால், சமதளமாக இருக்கிற பட்சத்தில், வண்டியில் இருந்து கழற்றி, முன்முனையைத் தாங்கும் சின்னச் சக்கரத்தில் நிறுத்தி இரண்டு மூன்று பேர் சேர்ந்து சுழற்றிவிடலாம். ஒன்றரை டன் டிரெய்லரில் அது நடக்காத காரியம், ரிவர்ஸ் ஒன்றே வழி.

குறைகளும் உண்டு. உள்ளே நிற்க முடியாது, உட்காரத்தான் முடியும். பெரியவர்கள் இருவர், கூட ஒரு கைக்குழந்தை, அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் ஒரு கூடாரம் போட்டே ஆக வேண்டும். மழையோடு காற்றும் சேர்ந்தால் பின்கதவின் கீழ் நின்று சமைப்பது சிரமம். அப்புறம் வெக்கை. ஓசூர் கடல்மட்டத்தில் இருந்து 900 மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கிறது, தளிப் பக்கம் அதைவிடக் குளிர். அங்கே மார்கழியில் இந்தக் கூண்டுக்குள் படுத்தால் சுகமான தூக்கம். தருமபுரி 500 மீட்டருக்கும் கீழே. சித்திரையில் பகலெல்லாம் வெயிலில் நின்ற அலுமினியக் கூண்டு ராத்திரி பத்து மணிக்கும் அனல் கக்கும். அதனால் சுவரிலும் கூரையிலும் எத்தனை அங்குலக் கனத்துக்கு ஃபோம் வைத்திருக்கிறார்கள், இரண்டு பக்கமும் வலையோடு ஜன்னல் இருக்கிறதா, கூரையில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். விற்பவர் உள்ளே எல்.இ.டி. விளக்கின் நிறத்தை மாற்றி மாற்றிக் காட்டுவார். நீங்கள் சுவரின் கனத்தைக் கேளுங்கள்.

அடுத்தது, பெட்டி டிரெய்லரின் மேல் கூரைக் கூடாரம் ஏற்றிய வகை. இதன் வம்சம் இரண்டாம் உலகப் போரில் ஜீப்புக்குப் பின்னால் ஓடிய கால் டன் டிரெய்லரில் இருந்து வருகிறது. தென்னாப்பிரிக்காவில் இதை நன்றாக மெருகேற்றியிருக்கிறார்கள். தூசி நுழையாத பெட்டிகள், பக்கவாட்டில் இழுக்கும் அடுப்பு மேடை, மேலே மடித்து வைத்த கூடாரம். பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும், ஏணி ஏறிப் படுப்பது என்றால் அவர்களுக்குத் திருவிழா. பெரிய கூடாரம் போட்டால் நால்வர் படுக்கலாம். தரையில் படுக்காததால் பாம்பு, தேள் பற்றிய பயமும் குறைவு. கூடாரத்தைக் கழற்றிவிட்டால் மீதி நாட்களில் வீட்டுச் சாமான் ஏற்றவும் உதவும்.

ஆனால் மூட்டு வலி உள்ள அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இரவில் ஒருமுறையாவது இறங்க வேண்டியிருக்கும், அந்த ஏணியில் தூக்கக் கலக்கத்தில் இறங்குவது ஆபத்து. கூடாரம் மட்டுமே ஐம்பது கிலோவுக்கு மேல், அது உச்சியில் உட்கார்ந்திருப்பதால் பக்கவாட்டுச் சரிவில் டிரெய்லர் சாய்வது அதிகம். வத்தல்மலை மாதிரி உயரத்தில், திறந்த மேட்டில் போட்டால் இரவெல்லாம் துணி படபடக்கும். ஒட்டுமாந்தோப்பில் மூடிய நிலையில் கிளைக்குக் கீழே போய்விடும், விரிக்கத்தான் இடம் தேட வேண்டும். இருந்தாலும் இரண்டு பிள்ளைகள் உள்ள, பெரியவர்கள் கூட வராத குடும்பத்துக்கு, குறைந்த எடையில் நாலு பேருக்கு இடம் தருவது இந்த வகைதான்.

விரித்துப் போடும் கித்தான் கூடார டிரெய்லர் ஆஸ்திரேலியாவில் பிரபலம். இரண்டு விதம். ஒன்றில் கூடாரத்தின் தரையும் துணி, மண்ணில் விரியும். இன்னொன்றில் டிரெய்லரின் மூடியே மடிந்து கெட்டித் தரையாகும். விரித்துவிட்டால் ஒரு சின்ன வீடே கிடைக்கும், உள்ளே நின்று உடை மாற்றலாம். ஒரே இடத்தில் நாலைந்து நாள் தங்குகிற பெரிய குடும்பத்துக்கு இதைவிட வசதி வேறில்லை. சனி ஞாயிறு ஆட்களுக்கு இது ஆகாது என்பது என் தீர்மானமான கருத்து. விரிக்க அரைமணி, மடிக்க அதைவிடக் கூடுதல். பதினைந்து, இருபது அடி சமதளம் வேண்டும், நம் தோப்புகளில் மரத்துக்கு மரம் பாத்தி கட்டியிருப்பார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை ஈரம். மழையில் நனைந்த கித்தானை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் மறுநாளே விரித்துக் காயவைக்க வேண்டும். அப்படியே விட்டால் சில நாளில் பூசணம் கரும்புள்ளியாகப் பிடித்துவிடும், அந்த நாற்றமும் கறையும் போகாது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஒரு மொட்டை மாடியும், திங்கட்கிழமை விடுப்பும் இருந்தால் மட்டுமே இது நடக்கும்.

மச்சான் ஆசைப்படுவது ஹைபிரிட் என்று சொல்லப்படும் வகை. கெட்டிச் சுவர், மேலே எழும்பும் கூரை, உள்ளே நிற்கும் உயரம், சிலவற்றில் கழிப்பறையும் உண்டு. சாமான் ஏற்றினால் ஒன்றரை டன்னுக்கு மேல், இரண்டு டன்னைத் தாண்டுவதும் சகஜம். மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு, பெட்ரோல் பங்க், ஹோட்டல் வளாகம், தார்ச்சாலை ஓரம் என்று தங்குகிறவர்களுக்கு இதில் நியாயம் இருக்கிறது. அவருக்கும் அது பொருந்தும். தோப்புக்குப் போகும் எனக்குப் பொருந்தாது. முழுக் கேரவனைப் பற்றி இங்கே அதிகம் பேசத் தேவையில்லை. நம் கிராமத்துப் பாதைக்கு அது பெரிது.

இனி வருவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. தருமபுரியில் இருந்து சேலம் போகிறவர்கள் எல்லோருக்கும் தொப்பூர் கணவாய் தெரியும். நீண்ட இறக்கம், பிரேக் பிடிக்காமல் போன லாரிகள் முன்னால் போகிறவற்றின் மேல் ஏறிய செய்திகளை எத்தனையோ முறை படித்திருக்கிறோம். பின்னால் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு அந்த இறக்கத்தில் இறங்கும்போது, நம் வண்டியும் ஒரு சின்ன லாரி மாதிரிதான். பளு தள்ளும்.

டிரெய்லர் பிரேக்கில் மூன்று நிலை. பிரேக்கே இல்லாதது ஒன்று. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோ வரை பிரேக் இல்லாமல் அனுமதிக்கிறார்கள், ஆனால் இழுக்கும் வண்டியின் வரம்பு அதைவிடக் குறைவாக இருக்கலாம். சுஸுகி ஜிம்னிக்கு ஆஸ்திரேலியாவில் கொடுத்திருக்கும் இழுவை வரம்பைப் பாருங்கள்: பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 1,300 கிலோ, பிரேக் இல்லையென்றால் 350 கிலோ. அதே வண்டி, அதே எஞ்சின். இழுக்கும் சக்தியைவிட நிறுத்தும் சக்திதான் வரம்பைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது, உந்து பிரேக். வண்டி வேகத்தைக் குறைத்ததும் டிரெய்லர் முன்னால் வந்து கப்ளிங்கை, அதாவது வண்டியோடு மாட்டும் இணைப்பை, அழுத்தும், அந்த அழுத்தமே பிரேக்கைப் பிடிக்கவைக்கும். எளிமையானது, வயரிங் வேண்டாம். சமவெளியில் நன்றாகவே வேலை செய்யும். நீண்ட இறக்கத்தில்தான் சிக்கல்: டிரெய்லர் இறக்கம் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருப்பதால் பிரேக்கும் விடாமல் உரசிக்கொண்டே வரும், டிரம் சூடேறும். மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போதும் அதே அழுத்தம் வந்து பிரேக் பிடித்துக்கொள்ளும். தானாக விடுபடும் ஏற்பாடோ, பூட்டும் கொக்கியோ இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மூன்றாவது, மின்சாரப் பிரேக். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்னக் கன்ட்ரோலர் இருக்கும், டிரெய்லர் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று எடைக்குத் தகுந்தபடி அதில் வைத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகக் கையால் பிடிக்க முடிவது. நெடுஞ்சாலையில் பஸ் உரசிக்கொண்டு போகும் காற்றில் டிரெய்லர் பாம்பு மாதிரி ஆட ஆரம்பித்தால், வண்டியின் பிரேக்கை மிதித்தால் ஆட்டம் கூடும். ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் இலேசாகப் பிடித்தால் அது பின்னால் இழுபட்டு நேராகிவிடும். தொப்பூரையோ வத்தல்மலையையோ வழக்கமாக ஏறி இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த மின்சாரப் பிரேக்தான், 600 கிலோ டிரெய்லராக இருந்தாலும். ஓடைத் தண்ணீரும் சேறும் உள்ளே போனால் அவ்வப்போது டிரம்மைக் கழற்றித் துடைக்க வேண்டும், அந்த வேலைக்கு அஞ்சக் கூடாது. எந்தப் பிரேக் இருந்தாலும் இறக்கத்தை ஆரம்பிக்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும் என்பது தனிக்கதை.

ஆட்டம் வராமல் இருக்க எடையைப் பரப்பும் முறை ஒன்று இருக்கிறது. டிரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வண்டியின் கொக்கியில் அழுந்த வேண்டும். 700 கிலோ என்றால் 70 கிலோ. தண்ணீர்த் தொட்டி, பேட்டரி எல்லாம் ஆக்சிலை ஒட்டியோ கொஞ்சம் முன்னாலோ, தாழ்வாக இருக்க வேண்டும். ஸ்கொயர்டிராப்பில் சமையல்கட்டு பின்னால் இருப்பதால் அரிசி, பாத்திரம், சிலிண்டர் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்து பின்பாரம் ஏறிவிடும். இதைச் சரிபார்ப்பது எளிது. சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றி, கொக்கிக்குக் கீழே ஒரு பலகை வைத்து வீட்டு எடை மெஷினில் நிறுத்திப் பாருங்கள். மொத்த எடைக்கு கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் லாரிக்கும் மாங்காய் லோடுக்கும் எடை மேடை இல்லாத சாலையே இல்லை, சிறு கட்டணத்தில் சீட்டே தந்துவிடுவார்கள். கம்பெனி தாளில் போட்டிருக்கும் எடை காலி எடை. அறுபது லிட்டர் தண்ணீர் ஏற்றினால் அறுபது கிலோ கூடும் என்பதை அந்தத் தாள் சொல்லாது.

கப்ளிங் விஷயத்தில் மச்சான் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். சாதாரண 50 மில்லிமீட்டர் உருண்டைக் கொக்கி தார்ச்சாலைக்குப் போதும். ஓடையில் இறங்கும்போது வண்டி ஒரு பக்கம் சாய, டிரெய்லர் மறுபக்கம் சாய்ந்தால் அந்த உருண்டைக்கு ஓரளவுக்கு மேல் திரும்ப இடமில்லை, முறுக்கிக்கொள்ளும். எல்லாப் பக்கமும் திரும்பும் கரட்டுப் பாதைக் கப்ளிங் இருந்தால் டிரெய்லர் தலைகீழாகப் புரண்டாலும் வண்டியை இழுத்துக் கவிழ்க்காது. சஸ்பென்ஷனில் மட்டும் அவரோடு எனக்குக் கருத்து வேறுபாடு. அவர் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் காயில் ஸ்பிரிங் ஏற்பாட்டை விரும்புகிறார். பாறைப் பாதையில் அது மிக நன்றாக இருக்கும், உள்ளே முட்டைகூட உடையாது என்கிறார். உண்மைதான். ஆனால் பட்டை ஸ்பிரிங் உடைந்தால் பாலக்கோட்டிலும் அரூரிலும் லாரிப் பட்டறையில் அன்றைக்கே மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். மாதத்துக்கு ஓரிரு இரவு, மெதுவாகப் போகும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மண் பாதைக்கு ஷாக் அப்ஸார்பர் வைத்த நல்ல பட்டை போதும். நாளெல்லாம் கரட்டில் ஓடுகிறவர்கள் காயிலுக்குப் போகட்டும். எதை வாங்கினாலும் டிரெய்லர் சக்கரத்தின் போல்ட் துளைகளும் டயர் அளவும் உங்கள் வண்டியோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். ஒத்துப் போனால் ஸ்டெப்னியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

மின்சாரத்துக்கு 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று போதும். ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு எல்லாம் ஓர் இரவும் ஒரு பகலும் ஓடும், அதே அளவு பழைய வகை பேட்டரியில் பாதியளவே பயன்படுத்தலாம், எடையும் இரண்டு மடங்குக்கு மேல். ஏ.சி. ஓட்டும் எண்ணம் இருந்தால் கணக்கே வேறு, அது ஹைபிரிட்காரர்களின் கவலை. ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: குளிருக்கு என்று மூடிய கூண்டுக்குள் கரியடுப்போ கேஸ் அடுப்போ எரிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

பதிவு பற்றி. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் ஒரு வாகனம்தான். அதற்கென்று ஆர்.டி.ஓ. பதிவு வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். ஓசூரில் வெல்டிங் கைவேலைக்குக் குறைவே இல்லை, படத்தைக் காட்டினால் அருமையாகச் செய்து கொடுக்கும் பட்டறைகள் இருக்கின்றன. ஆனால் ஒப்புதல் சான்று இல்லாமல் அதைப் பதிவு செய்வது பெரும்பாடு, பதிவில்லாத டிரெய்லரோடு நெடுஞ்சாலையில் விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. அதனால் பதிவுக்கு என்னென்ன சான்று தருவார்கள் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் இழுவை எடை போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிநாட்டில் அதே பெயரில் ஓடும் வண்டிக்குக் கொடுத்த எண்ணை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, எஞ்சினும் பிரேக்கும் அடிச்சட்டமும் மாறியிருக்கலாம்.

வாங்கிய பிறகு எங்கே நிறுத்துவது என்பதும் பேச வேண்டிய விஷயம். வருஷத்தில் பெரும்பாலான நாள் அது வீட்டு வாசலில்தான் நிற்கப்போகிறது. ஸ்கொயர்டிராப் ஒரு கார் நிற்கும் இடத்தில் நிற்கும். ஹைபிரிட்டுக்குத் தனி ஷெட் வேண்டும், தெருவில் நிறுத்தினால் அக்கம்பக்கத்தில் மனக்கசப்பு.

இத்தனையும் வைத்துப் பார்த்தால் நான் ஸ்கொயர்டிராப்புக்குத்தான் போகிறேன். சாமான் ஏற்றி 800 கிலோவைத் தாண்டாதது, மின்சாரப் பிரேக், எல்லாப் பக்கமும் திரும்பும் கப்ளிங், பட்டை ஸ்பிரிங். பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இணைத்துக்கட்டும் ஒரு கூடாரம். மனைவிக்குச் சமையல்கட்டு வெளியே இருப்பதில் மட்டும் மனக்குறை இருந்தது, பின்கதவில் இருந்து நீளும் ஒரு தார்ப்பாய்ப் பந்தல் போட்டால் சரி என்று சம்மதித்திருக்கிறாள். பெரியவர்கள் கூட வராத, நால்வர் குடும்பமாக இருக்கிறவர்கள் கூரைக் கூடார வகையைத் தயங்காமல் எடுக்கலாம். கூட்டுக் குடும்பமாகப் போய் பொங்கல் விடுமுறை முழுக்கத் தங்குகிறவர்களுக்குக் கெட்டித் தரை கித்தான் வகை. மச்சான் ஹைபிரிட்டே வாங்கட்டும், அவர் போகிற தூரத்துக்கு அதுதான் சரி. எங்கள் தோப்புக்கு வரும்போது மட்டும் அதை ராயக்கோட்டை ரோட்டோரமே நிறுத்திவிட்டு எங்களோடு வந்துவிடலாம்.

பார்க்கப் போகும்போது கையில் டேப்பும், தோப்புக் கேட்டின் அளவும் இருக்கட்டும். உங்கள் வண்டியிலேயே மாட்டி ரிவர்ஸ் எடுத்துப் பார்க்கக் கேளுங்கள். ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றிவிட்டுப் பேரிங் சத்தத்தைக் கேளுங்கள். தண்ணீர் நிரப்பி எடை மேடைக்குக் கொண்டுபோகலாமா என்று கேளுங்கள். அதற்கு மறுப்பு சொல்கிறவரிடம் வாங்க வேண்டாம்.